விருந்தாளி இறங்காத விமானம்

பெங் ஹுவோ-தாங் பஸ்ஸில் போனால் கடைசி ஆள் இறங்கும்வரை இருக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார். கல்யாணமான புதிதில் அவர் மனைவி இன்-மெய்க்கு இது பெரிய எரிச்சல். எல்லாரும் போய்விட்டார்கள், கண்டக்டர் பெண் நம் முகத்தையே பார்க்கிறாள், இன்னும் என்ன தவம் என்று முழங்கையால் இடிப்பாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் இறங்குவார். தொழில் அப்படி.

பெங் பெய்பு மலைச்சரிவில் தேயிலை பறித்த குடும்பம். மூன்றாவது பிள்ளை. மூத்தவர் தோட்டத்தை எடுத்துக்கொண்டார், இரண்டாமவர் சிற்றப்பா வீட்டுக்குத் தத்துப் போனார், இவர் ராணுவத்துக்குப் போனார். விமானப் படையில் சமையல் கூடத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவரை ஓர் அதிகாரி பார்த்தார். தேநீர்க் கோப்பையைத் தளும்பாமல் தூக்கி வருகிறான், கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறான். காதில் விழுந்ததை வெளியே சொன்னால் ஜெயில் என்றிருந்த காலம் அது. அப்படிப்பட்ட ஆள்தான் விருந்தினர் பிரிவுக்குத் தேவைப்பட்டது.

அந்தப் பிரிவுக்கு முறைப்படி ஓர் எண் உண்டு. யாரும் எண்ணைச் சொன்னதில்லை. மந்திரிகளையும் தளபதிகளையும் வெளிநாட்டுத் தூதர்களையும் ஏற்றிக்கொண்டு பறப்பதுதான் வேலை என்பதால் விருந்தினர் பிரிவு என்றே பெயர் நின்றுவிட்டது. அக்கரைப் பெருநிலத்தில் நடந்த போரில் தோற்று, விமானப் படை கடல் தாண்டித் தீவுக்கு வந்தபோது கொண்டுவந்தவை சில பழைய விசிறி விமானங்கள். குண்டுப் பெட்டி ஏற்றிய இடத்தில் தோல் நாற்காலி போட்டு, ஜன்னலுக்குத் திரை தைத்து, ஒரு மூலையில் வெந்நீர் அடுப்பு வைத்தார்கள். விமானிகள் எல்லாரும் அக்கரையில் பிறந்தவர்கள். அடுப்புப் பக்கம் நிற்பவர்கள் மட்டும் தீவுக்காரப் பையன்கள். இவர்களை அவர்கள் தேநீர் சார்ஜென்ட் என்று கேலி பேசுவார்கள். இவர்கள் அவர்களை முதுகுக்குப் பின்னால் பூண்டு வாயன்கள் என்பார்கள்.

பிரிவின் வழக்கம் ஒன்று இந்தக் கதைக்கு வேண்டும். விருந்தாளி பறக்கும்போது ஒரு விமானம் போகாது, இரண்டு போகும். ஒன்றில் விருந்தாளி. பின்னால் வருவது துணை விமானம், காலி. முன்னது பழுதானால் வழியில் எங்காவது இறங்கி அவர் இதற்கு மாறிக்கொள்ள வேண்டும். அதனால் காலி விமானத்திலும் எல்லாம் நடக்கும். விருந்தாளி நாற்காலிக்கு எதிரே மூடிபோட்ட கோப்பையில் தேநீர் சூடாக இருக்கும். ஆறினால் கொட்டிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். யாருக்கு என்று கேட்கக்கூடாது. முன்விமானம் போய்ச் சேர்ந்து, விருந்தாளி படியிறங்கித் தரையில் கால் வைத்ததும், முன்விமானத்துத் தேநீர் சார்ஜென்ட் வானொலிக் கருவியை எடுத்துப் பின்விமானத்துக்கு இரண்டே வார்த்தை சொல்வார்: "விருந்தாளி இறங்கிட்டாரு." அதைக் கேட்கும்வரை பின்விமானத்தில் ஒருவரும் இடுப்புப் பட்டையைக் கழற்றமாட்டார்கள். தரையில் வந்து நின்றிருந்தாலும் சரி, கழற்றமாட்டார்கள்.

இன்-மெய்யின் தம்பி ஆ-ஃபுவை அந்தப் பிரிவில் சேர்த்துவிட்டது பெங்தான். சேர்க்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தது மாமியார் சுங் ஆ-லியென். லோ குடும்பத்துக்கு ஆண்பிள்ளை அவன் ஒருவன். கணவர் செத்த பிறகு பன்றி வளர்த்து அவனை ஆளாக்கியவர். கட்டாய ராணுவத்துக்கு அழைப்பு வந்ததும் அவருக்கு உறக்கம் போய்விட்டது. பீரங்கிக் குண்டு விழுகிற வெளித்தீவுக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது.

"மாப்ள, உங்க கூடவே வெச்சுக்குங்க," என்றார் மாமியார். "டீ ஊத்துற வேலைல எவனாச்சும் சாவானா?"

ஆ-ஃபு வாயாடி. அத்தான் மாதிரி ஊமையாய் நிற்க அவனால் ஆகாது என்று விருந்தாளி விமானத்தில் ஏற்றவில்லை, துணை விமானத்திலேயே வைத்தார்கள். அது அவனுக்கு ஒத்துப்போயிற்று. காலி நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டே வருவானாம். மந்திரி ஐயா, இன்னைக்குத் தேநீர் எப்படி, விலைவாசி பற்றி ஏதாவது செய்யக்கூடாதா என்பானாம். அந்த விமானத்தை ஓட்டிய கேப்டன் ஹாவ் ஷாண்டோங் ஊர்க்காரர். மனைவி அக்கரையிலேயே நின்றுபோனார். உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. பச்சைப் பூண்டைக் கடித்துக்கொண்டு ரொட்டி தின்பவர், சிரிக்கவே மாட்டார். ஆனால் ஆ-ஃபு நாற்காலியோடு பேசும்போது மட்டும் விமானி அறையிலிருந்து ஒரு கனைப்புச் சத்தம் வரும் என்று பெங்கிடம் சொல்லியிருக்கிறான். "சிரிக்கிறாரு அத்தான், ஒத்துக்க மாட்டாரு."

அவர்கள் விழுந்தது ஒரு வசந்த காலத்துக் காலையில். தாய்ச்சுங்கில் பாலத் திறப்பு விழா. முன்விமானத்தில் மந்திரியும் பெங்கும். பின்னால் துணை விமானத்தில் கேப்டன் ஹாவ், ஒரு மெக்கானிக், ஆ-ஃபு. மலைப்பக்கம் மேகம் தரையோடு தரையாகக் கவிழ்ந்திருந்தது. பாதி வழிக்கு மேல் துணை விமானத்திலிருந்து பேச்சு வரவில்லை. முன்விமானம் தரையிறங்கியபோது பேண்டு வாசித்துக்கொண்டிருந்தது. மந்திரி படியிறங்கினார், மாணவிகள் கொடியசைத்தார்கள். பெங் வழக்கம்போல் வானொலிக் கருவியைக் கையில் எடுத்தார். அவருடைய கேப்டன் மெல்ல அதன் வாயைப் பொத்தினார்.

"யாருகிட்ட சொல்லப் போற?" என்றார்.

பெங் கருவியைத் திரும்ப வைத்தார். அந்த வார்த்தை சொல்லப்படாமலே நின்றது.

கழுகுத்தோள் மலையில் மோதியிருந்தது விமானம். மலைக்காரர்கள் மெக்கானிக்கை உயிரோடு சுமந்து இறக்கினார்கள். அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார், அங்கேயே அவர் வீட்டார் ஆவியை அழைத்துக்கொண்டு போனார்கள், பிரச்சினை இல்லை. மற்ற இருவரையும் உடலாகத்தான் கொண்டுவந்தார்கள். கேப்டன் ஹாவைப் படைவீரர் கல்லறையில் கொம்பு ஊதிப் புதைத்தார்கள். ஆவியை அழைக்க அவருக்கு ஆள் இல்லை. ஆ-ஃபுவைப் பெய்புவில் அப்பன் பக்கத்தில் புதைத்தார்கள்.

ஆனால் ஆவி வரவில்லை. வெளியே விபத்தில் செத்தவனை அந்த இடத்துக்குப் போய்ப் பெயர் சொல்லி அழைத்து, வழியில் வரும் ஒவ்வொரு பாலத்தையும் சொல்லிச் சொல்லிக் கூட்டிவந்தால்தான் வீட்டுப் பலகையில் முன்னோரோடு பெயர் எழுத முடியும். வந்தானா என்பதைப் பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டைத் தரையில் போட்டுக் கேட்பார்கள். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் ஆமாம். இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. இரண்டும் மல்லாந்து கிடந்தால் சிரிப்பு. உன் கேள்விக்குப் பதில் இல்லை, போ என்று அர்த்தம். ஆ-லியென் மலையடிவாரத்தில் போட்டார், சிரிப்பு. வாசலில் போட்டார், சிரிப்பு. அடுத்த வருஷமும் சிரிப்புதான்.

"அவன் எப்பவும் அப்படித்தான்," என்பார் மாமியார். "கூப்பிட்டா சிரிப்பான். வரமாட்டான்."

கோபமாக இருக்கிறான் என்று நினைத்துப் பன்றி அறுத்துப் படைத்தார்கள். மலையில் குளிருமே என்று காகிதத்தில் கம்பளிக் கோட்டு செய்து எரித்தார்கள். கல்யாணமாகாமல் செத்தவன், துணை கேட்கிறான் என்று ஒருவர் சொல்ல, பக்கத்து ஊரில் காய்ச்சலில் செத்த ஒரு பெண்ணை ஆவிக்கு ஆவியாகப் பேசி முடிக்கப் போனார்கள். அதற்கும் கட்டை சிரித்தது. பெண் வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "செத்தவனுக்குக்கூட எங்க பொண்ணு ஆகலையா?" என்று அந்தப் பெண்ணின் அத்தை தெருவில் நின்று கேட்டது ஊர் முழுக்க இன்றைக்கும் பேச்சு.

பெங் தொடர்ந்து பறந்தார். தோல் நாற்காலிகள் மாறின, விசிறி விமானம் போய் ஜெட் விமானம் வந்தது, மந்திரிகள் வந்தார்கள் போனார்கள். மேகத்துக்குள் போகும்போது பின்னால் வரும் துணை விமானத்தை ஜன்னலில் தேடிப் பார்ப்பார். தரையில் விருந்தாளி கால்வைத்ததும் கருவியை எடுத்துச் சொல்வார். கேட்டது என்று பதில் வரும். அதற்குப் பிறகும் கருவியைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்சம் நிற்பார். இன்னொரு பதில் பாக்கி இருப்பதுபோல. மலைக்காரர் யுகான் என்பவர் சந்தைக்கு வரும்போதெல்லாம் ஒன்று சொல்வார்: மேகம் இறங்குகிற நாளில் அந்தச் சரிவுப் பக்கம் எங்கள் ஆட்கள் போவதில்லை. புதிதாக ஊற்றிய தேநீர் வாசம் வரும். அங்கே தேயிலைச் செடியே கிடையாது.

அப்படி இருக்கும்போது மாமியாருக்கு வயிற்றில் கட்டி வந்தது. டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றுவிட்டார். பெங் விடுப்பில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமியார் வழக்கம்போல் திட்டவில்லை, அதுவே பயமாக இருந்தது.

"மாப்ள, எனக்குச் சாவுறதுல ஒண்ணுமில்ல," என்றார். "அவங்கப்பன் அங்க இருக்கான். நான் போனதும் பய எங்கன்னு கேப்பான். மலைல விட்டுட்டு வந்தேன்னு சொல்லவா?"

பெங் அவர் போர்வையைச் சரிசெய்தார். தைப்பே திரும்பியும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

அந்த மாதமே தெற்கே பிங்துங்குக்குப் போனார்கள். வெயில் தகரத்தை உருக்குகிற நாள். விருந்தாளி இறங்கிப் போய்விட்டார். அன்று வானொலிக் கருவி பழுது. பெங் சொன்ன வார்த்தை பின்விமானத்துக்குப் போகவே இல்லை. விமானிகள் பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கி நிழலுக்குப் போனார்கள். கு என்று ஒரு தடித்த சார்ஜென்ட் மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டுகிறது, முகம் செத்துவிட்டது, எதிரே தேநீர் ஆவி பறக்கிறது. எல்லாரும் கீழே நின்று கேலி செய்தார்கள். ஏண்டா தடியா, வெந்து இறங்கப் போறியா என்றார்கள். அவர் அசையவில்லை. பெங் ஏறிப்போய்த் தோளைத் தொட்டார்.

"வா கு, எல்லாரும் போயாச்சு."

"நீங்க இன்னும் சொல்லலையே அண்ணே," என்றார் கு.

"விருந்தாளி இறங்கிட்டாரு," என்றார் பெங். கு பெருமூச்சு விட்டுப் பட்டையைக் கழற்றினார். அந்தச் சொடுக்குச் சத்தம் கேட்டதும் பெங்குக்குப் புரிந்துவிட்டது. ஆ-ஃபு கோபமாக இல்லை. குளிரவில்லை. பெண் கேட்கவில்லை. அம்மா வந்து வா வா என்று எத்தனை தடவை அழைத்தாலும் அவன் எப்படி எழுந்திருப்பான்? அவன் வேலையில் இருக்கிறான்.

மலைக்குப் போக அப்போது போலீஸ் அனுமதி வேண்டும். கல்லறை சுத்தம் செய்யப் போகிறேன் என்று சொல்லி வாங்கினார். கூட இன்-மெய், யுகான், ஃபான் பூசாரி. பூசாரிக்கு மூட்டுவலி, ஏறும் வழியெல்லாம் முனகல். செத்தவன் கொஞ்சம் கீழே விழுந்திருக்கக் கூடாதா என்றார். சரிவுக்கு வந்தபோது மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. யுகான் ஒரு மரத்தடியில் நின்றுவிட்டார், மேலே வரவில்லை. விமானத் தகரத்தை எப்போதோ மக்கள் வெட்டிப் பானையும் சட்டியும் செய்துவிட்டார்கள். பெரணிகளுக்கு நடுவே ஒரு நாற்காலியின் எலும்பு மட்டும் நின்றது. விருந்தாளி நாற்காலி. யுகான் சொன்ன வாசம் வந்தது. இன்-மெய் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பூசாரி மூங்கில் கொம்பில் வெள்ளைத் துணி கட்டி, ஆ-ஃபுவின் பழைய சட்டையைப் போர்த்தி, மணியடித்து அழைத்தார். கட்டையைப் போட்டார். சிரிப்பு.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க பூசாரி," என்றார் பெங்.

சீருடையில்தான் வந்திருந்தார். தொப்பியைச் சரிசெய்தார். அன்றைக்குக் கேப்டன் கை பொத்திய இடத்திலிருந்து தொடர்கிறவர்போல, உரக்கவும் இல்லாமல் மெல்லவும் இல்லாமல், வேலைக் குரலில் சொன்னார்:

"விருந்தாளி இறங்கிட்டாரு."

மேகம் அப்படியே நின்றது. பெரணிக்குள் பட்டை கழலும் சொடுக்கு ஒன்று கேட்டது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. எதிரொலி என்று நினைத்துக்கொண்டார். பூசாரி மறுபடி கட்டையைப் போட்டார். ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது. தேநீர் வாசம் அதற்குப் பிறகு வரவில்லை.

ஊதுவத்தி அணையாமல் கையில் பிடித்துக்கொண்டு, பாறை வருது ஆ-ஃபு, ஓடை வருது ஆ-ஃபு, பார்த்துக் காலை வை என்று இன்-மெய் சொல்லிச் சொல்லி இறங்கினாள். அடிவாரத்தில் பஸ். ஆ-ஃபுவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து, ஜன்னலோர இருக்கையைக் காலியாக விட்டு, அதன் மேல் சட்டையை வைத்தார்கள். கண்டக்டர் பெண்ணுக்கு விஷயம் புரிந்தது. நின்றுகொண்டு வந்த கிழவர் ஒருவர் அங்கே உட்காரப் போனபோது, "தாத்தா, ஆளு இருக்கு," என்று தடுத்தாள். ஆனால் அடுத்த வளைவிலேயே மூக்கைச் சுளித்தாள்.

"யாருய்யா பச்சைப் பூண்ட தின்னுட்டு ஏறுனது? வண்டியே நாறுது. ஜன்னல தொறங்க."

யாரும் தின்றிருக்கவில்லை. பயணிகள் எல்லாரும் ஹக்கா இனத்துத் தீவுக்காரர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெங் மட்டும் காலி இருக்கைக்குப் பின்னால் இருந்த மற்றொரு காலி இருக்கையைப் பார்த்தார். கூட்டம் நிற்கிறது, அதில் மட்டும் ஒருவரும் உட்காரவில்லை. ஏன் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. பெங் அதற்கும் ஒரு டிக்கெட் வாங்கினார். பாலம் வந்தபோது இன்-மெய் தம்பியிடம் சொன்னாள். பெங் உதட்டுக்குள் இன்னொருவரிடம் சொன்னார்.

பெய்புவில் எல்லாரும் இறங்கும்வரை இருந்து, அப்புறம் இறங்கினார்கள்.

மாமியாரைப் பிரம்பு நாற்காலியில் தூக்கிவந்து வாசலில் வைத்திருந்தார்கள். கட்டையை அவரே போடவேண்டும் என்றார். கையில் வலுவில்லை, விரலிலிருந்து நழுவ விட்டார். பிள்ளை வந்துவிட்டானா. இரண்டும் மல்லாந்தன. மறுபடி. மறுபடியும் சிரிப்பு. அவர் முகம் வெளுத்துப்போனது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நகரத் தொடங்கினார்கள்.

"அங்கயே இருக்கட்டும் விடுங்க," என்றார். "என்னால இனிமே கூப்பிட முடியாது."

பெங் கீழே குந்தி, கட்டைகளைப் பொறுக்கி அவர் கையில் வைத்தார்.

"அத்தை, கேள்வி தப்பு. வந்தது ஒருத்தரான்னு கேக்காதீங்க. ரெண்டு பேரு வந்திருக்கீங்களான்னு கேளுங்க."

அவர் கட்டைகளை விரலுக்குள் இறுக்கிக்கொண்டார். பிறகு கேட்டார். கட்டை விழுந்தது. ஒன்று நிமிர்ந்து, ஒன்று கவிழ்ந்து.

பூசாரிதான் முதலில் பின்வாங்கினார். வேற்றுப் பெயர்க்காரனை லோ வீட்டுக்குள் விட முடியாது, இப்போதே திருப்பி அனுப்ப வேண்டும், அதற்குத் தனி மந்திரம் உண்டு என்று மணியைத் தேடினார்.

"கூட வந்தது யாரு?" என்றார் மாமியார்.

பெங் சொன்னார். கேப்டன் ஹாவ். அக்கரைக்காரர். கூப்பிட ஆள் இல்லாதவர். உங்கள் பையன் பேச்சுக்குச் சிரித்தவர்.

"சிரிச்சானா?"

"ஒத்துக்க மாட்டாராம்."

மாமியார் உள்ளே படையல் மேஜையைப் பார்த்தார். உப்புப் பன்றிக்கறி, முள்ளங்கி வற்றல், ஒட்டரிசிப் பலகாரம். ஒரு கிண்ணம், ஒரு ஜோடிக் குச்சி. வாழ்நாள் முழுக்க அக்கரைக்காரர்களைத் திட்டிய வாய் அது. பன்றி விலையில் ஏமாற்றினார்கள் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர்.

"இன்-மெய்," என்றார். "வீட்ல பச்சைப் பூண்டு இருக்கா?"

மழைக்காலம் பிடிப்பதற்கு முன் மாமியார் போய்விட்டார். போகும்போது முகம் தெளிவாக இருந்தது. அங்கே கேட்கிறவனுக்குச் சொல்ல அவரிடம் பதில் இருந்தது. பலகையில் ஆ-ஃபுவின் பெயர் அப்பன் பெயருக்குக் கீழே வந்தது. ஹாவின் பெயரை அதில் எழுத முடியாது. அதனால் மேஜை ஓரத்தில் ஒரு கிண்ணமும், சின்னத் தட்டில் பூண்டும் வைத்தார்கள். இன்-மெய் இன்றும் வைக்கிறாள். பெங் ஓய்வு பெற்ற பிறகு அவர்தான் தோல் உரிக்கிறார்.

ஒவ்வொரு வருஷமும் படையல் முடிந்ததும் கட்டை போட்டுக் கேட்பார்கள். ஆ-ஃபு, சாப்பிட்டாயா, திருப்தியா. ஒன்று நிமிரும், ஒன்று கவிழும். பிறகு பெங் தனியாக ஒரு தடவை போடுவார். கேப்டன், இங்கே வசதியாக இருக்கிறதா.

அதற்கு இரண்டும் மல்லாந்து சிரிக்கும். இதுவரை மாறியதில்லை. பெங் கட்டைகளைப் பொறுக்கித் துடைத்து வைத்துவிட்டு, மற்றவர்கள் எல்லாரும் எழுந்து போன பிறகும், அந்தக் கிண்ணத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். தேநீர் ஆறினால் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுவார்.